பரணில் பிறந்த பெயர்

'தி பக்கனீர்ஸ்' என்ற தலைப்பைப் பார்த்துக் கடற்கொள்ளைக் கதை என்று நினைத்து ஆப்பிள் டிவி தொடரைத் திறந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். 2023-இல் தொடங்கிய அந்தத் தொடரில் பீரங்கிக்கு வேலையே இல்லை. 1870-களின் அமெரிக்கப் புதுப்பணக்காரக் குடும்பத்துப் பெண்கள் லண்டனுக்குப் போய்ப் பட்டமும் பழைய மாளிகையும் உள்ள பிரபுக் குடும்பங்களில் வாழ்க்கைப்படும் கதை அது. பிபிசி இதையே 1995-இல் ஒருமுறை எடுத்தது. இரண்டுக்கும் மூலம், ஈடித் வார்ட்டன் முடிக்காமலே விட்டுப்போன நாவல். அவர் 1937-இல் இறந்தார். மறு ஆண்டு நாவல் குறையாகவே அச்சேறியது.

மாப்பிள்ளை தேடிப் போன பெண்களுக்குக் கொள்ளையர் பெயர் எப்படி வந்தது என்று தேடப்போனால், அந்தப் பெயர் நம்மை ஓர் அடுப்படிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறது.

'பக்கனீர்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு 'பூக்கானியே'விலிருந்து வந்தது. அதற்கு அடி 'பூக்கான்'. பூக்கான் என்பது பிரேசில் கடற்கரையில் துப்பி மொழி பேசிய மக்கள் இறைச்சி வாட்டுவதற்குக் கட்டிய பரண். 1557-இல் குவானபாரா விரிகுடாவுக்குப் போய், அந்த மக்களோடு பழகிய ழான் தெ லெரி என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். கைப்பருமனுள்ள நான்கு கவைக்கால்களைச் சதுரமாக நட்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில் குறுக்குக் குச்சிகளை நெருக்கமாக அடுக்குவார்கள். துண்டு போட்ட இறைச்சியை அதன்மேல் பரப்பி, அடியில் மெல்லிய தீ மூட்டி, அடிக்கடி திருப்பிப் போடுவார்கள். உப்புப் போடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நம் ஊர் உப்புக்கண்டத்தில் உப்பு செய்கிற வேலையை அங்கே தீயே செய்தது. 1578-இல் வந்த லெரியின் புத்தகம் வழியாகப் பிரெஞ்சு வாசகர்களுக்கு அந்தச் சொல் பழகியது. 'பார்பெக்யூ'வும் இப்படி ஒரு மரப்பரணின் பெயர்தான். அது கரீபியத் தீவுகளின் தைனோ மொழிச் சொல். இன்று ரெயூனியன் தீவில் புகையில் வாட்டிய பன்றிக்கறிக்கு 'பூக்கானே' என்றே பெயர். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்களுக்கும் அது அன்றாடச் சொல்.

பரணுக்கு வைத்த பெயர் ஆளுக்கு மாறியது இஸ்பானியோலா தீவில். இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் சேர்ந்த தீவு அது. அந்நியக் கப்பல்களோடு நடந்த கள்ளவணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று ஸ்பானிய அரசு 1605-06-இல் தீவின் வடமேற்குக் குடிகளை ஊர் ஊராகக் கிளப்பித் தெற்கே ஓட்டியது. குடிகள் போனார்கள், மாடுகளும் பன்றிகளும் நின்றுவிட்டன. அவை காடேறிப் பெருகின. அவற்றை வேட்டையாடித் தின்ன யார் யாரோ வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். கறியைப் பூக்கானில் வாட்டி, தோலை உரித்து, வழிப்போகும் கப்பல்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். பூக்கான்காரர்கள் பூக்கானியே ஆனார்கள். அதுவரை அந்தப் பெயரில் இரத்தம் உண்டென்றால் மாட்டு இரத்தம்தான்.

ஸ்பானியர் அவர்களையும் துரத்தினார்கள். வேட்டைக்காரர்கள் தொர்த்தூகா தீவில் ஒதுங்கி, படகேறி, ஸ்பானியக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். இங்கே பிரெஞ்சு மொழி ஒழுங்காக ஒரு கோடு கிழித்தது: கறி வாட்டுகிறவன் பூக்கானியே, கப்பல் பிடிக்கிறவன் 'ஃபிலிபுஸ்தியே'. ஆங்கிலம் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. இந்தக் கூட்டத்தோடு கப்பலில் அலைந்த எக்ஸ்குவெமெலின் 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட டச்சுப் புத்தகத்தின் தலைப்பில் இருந்தது 'கடற்கொள்ளையர்' என்ற பொதுச்சொல். 1684-இல் அது லண்டனில் ஆங்கிலமாக வந்தபோது தலைப்பில் ஏறியது 'பக்கனீர்கள்'. புத்தகம் விற்றது, பெயர் நிலைத்தது. கறி வாட்டிய கதை மறந்துபோனது.

அந்தப் புத்தகத்தின் நாயகர்களில் ஒருவர் ஹென்றி மோர்கன். 1671-இல் பனாமா நகரைச் சூறையாடியவர். ஸ்பெயினோடு சமாதானம் பேசிய பிறகு நடந்த காரியம் என்பதால் அவரைப் பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். கழுமரம் கிடைக்கவில்லை, 1674-இல் 'சர்' பட்டம் கிடைத்தது, கூடவே ஜமைக்காவின் துணை ஆளுநர் பதவி. புத்தகம் தன்னை இழிவுபடுத்துகிறது என்று பதிப்பாளர்கள்மேல் வழக்குப் போட்டு இழப்பீடும் வாங்கினார். பக்கனீருக்கும் ஆங்கிலப் பட்டத்துக்கும் சம்பந்தம் அன்றே ஏற்பட்டுவிட்டது. வார்ட்டன் தலைப்பு வைத்தபோது இது அவர் மனத்தில் இருந்ததோ இல்லையோ, பெயருக்குள் அது இருக்கத்தான் செய்கிறது.

நாவலின் பெண்களைப் பழைய நியூயார்க் தன் விருந்துகளுக்கு அழைக்கவில்லை. பணம் நேற்று வந்தது என்பதுதான் குற்றம். அதனால் லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். கல்யாணச் சந்தையில் நல்ல வரன்களை இவர்கள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து வயிறெரிந்த ஆங்கிலத் தாய்மார்களின் வாயில்தான் 'கொள்ளைக்காரிகள்' என்ற சொல் பொருந்தும். அந்த வாயை வார்ட்டன் கேலியாக இரவல் வாங்கினார் என்பது என் எண்ணம். ஏனென்றால், உண்மையில் நடந்த கல்யாணங்களின் கணக்கைப் பார்த்தால் கொள்ளைச் சரக்கு எதிர்த்திசையில்தான் போயிருக்கிறது.

மார்ல்பரோ டியூக்குகளின் ப்ளெனிம் மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1880-களில் அந்தக் குடும்பம் நூலகத்தை விற்றது. ரஃபேல் வரைந்த மாதா ஓவியத்தை 70,000 பவுனுக்கு லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்றது. விற்க மிஞ்சியது பட்டம்தான். 1895 நவம்பர் 6 அன்று நியூயார்க்கில் ஒன்பதாம் டியூக்குக்கும் கான்சுவெலோ வாண்டர்பில்ட்டுக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு மனம் வேறிடத்தில். தாய் ஆல்வா விடவில்லை. மாப்பிள்ளைக்குப் போனது 25 லட்சம் டாலர் பெறுமான ரயில்வே பங்குகளின் வருமானம், ஆயுள் முழுவதும். வரதட்சணை என்றால் நமக்குப் பாத்திரம் பண்டம் ஞாபகம் வரும். அங்கே பங்குப் பத்திரம். அந்தக் கல்யாணம் 1921-இல் விவாகரத்தில் முடிந்தது. நமக்கு வைசிராயாக வந்த கர்சனும் 1895-இல்தான் சிகாகோ வணிகர் லைட்டரின் மகள் மேரியை மணந்தார்.

'டவுண்டன் ஆபி' தொடரைப் பார்த்தவர்களுக்கு, பிரபுவின் அமெரிக்க மனைவி கோரா நினைவிருப்பார். சின்சினாட்டியிலிருந்து அவர் கொண்டுவந்த பணம் ஒப்பந்தப்படி பண்ணையோடு கலந்துவிட்டது. பண்ணை ஆண் வாரிசுக்கே போகும் என்பதால் அவர் பெற்ற மூன்று பெண்களுக்கும் அதில் பாத்தியதை இல்லை. முதல் அத்தியாயத்தின் சிக்கலே இதுதான்.

பிரபுக்களுக்கு ஏன் இந்த நிலை? 1870-களிலிருந்து அமெரிக்கச் சமவெளிக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து லிவர்பூலில் மலிவாக இறங்கியது. ஆங்கிலத் தானிய விலை விழுந்தது, குத்தகை வருமானம் விழுந்தது, மாளிகைக் கூரை ஒழுகியது. கோதுமையைச் சுமந்த ரயில்களில் சேர்ந்த லாபத்தில் ஒரு பங்கு, பெண்ணோடு சேர்ந்து அந்தக் கூரையை மேய வந்தது. 1890-இல் 'பட்டம் பெற்ற அமெரிக்கர்கள்' என்ற பொருளில் ஒரு கையேடே நியூயார்க்கில் வெளியானது. பிரபு வீட்டில் வாழ்க்கைப்பட்ட அமெரிக்கப் பெண்களின் பட்டியல் ஒரு பக்கம், இன்னும் கல்யாணமாகாத பிரபுக்களின் பட்டியல் மறுபக்கம். கொள்ளைக்குப் போகிறவர்களுக்கு, கொள்ளை போக வேண்டியவர்களே முன்வந்து வரிசையில் நிற்பது புதுமைதான்.

இந்தப் பெண்களுக்கு 'டாலர் இளவரசி' என்று இன்னொரு பெயரும் உண்டு. லியோ ஃபால் இசையமைத்து 1907-இல் வியன்னாவில் மேடையேறிய இசைநாடகம் 'டாலர்பிரின்ஸெஸின்' அதைப் பரப்பியது. அதில் ஓர் அமெரிக்கக் கோடீசுவரர், நொடித்துப்போன ஐரோப்பியப் பிரபுக்களைப் பிடித்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார். பெயரின் முன்பாதி, கேட்டவுடன் அமெரிக்காவாக ஒலிக்கும். ஆனால் டாலரின் பிறப்பிடம் பொஹீமியாவில் உள்ள யோவாக்கிம்ஸ்தால் என்ற சுரங்க ஊர். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே அடித்த வெள்ளிக்காசு 'யோவாக்கிம்ஸ்தாலர்'. அது 'தாலர்' ஆகி, டச்சுக்காரர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் 'டாலர்' ஆனது. வியன்னா மேடையில் அந்தப் பெயர் ஒலித்தபோது யோவாக்கிம்ஸ்தால் ஆஸ்திரியப் பேரரசுக்குள்தான் இருந்தது.

ஆக, அமெரிக்கப் பணத்தின் பெயர் ஐரோப்பியச் சரக்கு. ஐரோப்பியக் கொள்ளையரின் பெயர் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அட்லாண்டிக்கின் இரு கரைகளும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதற்கு முந்நூறு ஆண்டு முன்பே பெயர் கொடுத்துப் பெயர் எடுத்திருக்கின்றன.

வார்ட்டனின் நாவலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர்கள் தலைப்பை 'லே பூக்கானியேர்' என்று பெண்பாலில் வைத்தார்கள். கறி வாட்டுகிறவனுக்கும் கப்பல் பிடிக்கிறவனுக்கும் நடுவே தன் மொழி கிழித்த பழைய கோட்டை நினைவில் வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர் யாராவது அதைப் படித்தால், கோமகள்கள் கும்பலாகக் கறி வாட்டக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.