கருக்கு மழுங்கிய அரிவாள்: நாஞ்சில் நாட்டு அறுவடைக் கருவியின் கதை

நாஞ்சில் என்ற பழைய தமிழ்ச் சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். அதனால்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளுக்கு நாஞ்சில் நாடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கலப்பைக்குக் கிடைத்த பெருமை அரிவாளுக்குக் கிடைக்கவில்லை. அந்த அரிவாளைப் போகத்துக்குப் போகம் செப்பனிட்டுக் கொடுத்த கொல்லரைப் பற்றி யாரும் எழுதி வைத்ததும் குறைவுதான்.

இங்கே நெல்லுக்கு இரண்டு போகம். ஒன்று கன்னிப்பூ, மற்றொன்று கும்பப்பூ. திருவிதாங்கூர் அரசு 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இந்த இரண்டு போகத்துக்கும் தண்ணீர் கொடுத்தது. இரண்டு போகம் என்றால் அறுப்பும் இரண்டு முறை. அரிவாள் மழுங்குவதும் இரண்டு முறை!

ஒரு புல்லை அறுத்து இரும்பு மழுங்குமா என்று கேட்கலாம். நெல்லின் தாள் சாதாரணப் புல் அல்ல. வைக்கோலின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். தாளை அறுப்பது ஒருவகையில் மெல்லிய உப்புத்தாளை அறுப்பது போலத்தான். அதனால்தான் கதிர் அறுக்க வழவழப்பான அரிவாளை விடக் கருக்கரிவாள் ஏற்றது. பனைமட்டையின் ஓரத்தில் இருக்கும் முள் போன்ற பற்களுக்கும் கருக்கு என்றுதான் பெயர். அரிவாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே இழுக்கும்போதுதான் அது அறுக்கும்.

இதைச் செப்பனிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. கொஞ்சம் மழுங்கினால் பல் இல்லாத பக்கத்தை மட்டும் கல்லில் தீட்டினால் போதும், பற்கள் தாமாகவே மீண்டும் கூர்மையாகும். பல்லே தேய்ந்து போனால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கொல்லர் அரிவாளை உலையில் காய்ச்சி மெல்ல ஆறவிடுவார். இரும்பு இளகியதும் உளியை வைத்துத் தட்டி ஒவ்வொரு பல்லாக வெட்டுவார். பிறகு மறுபடி பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். சூடு கூடினால் பல் உடையும், குறைந்தால் இரண்டே நாளில் மழுங்கும். நெருப்பின் நிறம் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். லாரிகள் வந்த பிறகு அவற்றின் பழைய ஸ்பிரிங் பட்டைகளே அரிவாளுக்கு நல்ல இரும்பாக ஆகின.

இந்த வேலைக்குக் கூலி காசாக அல்ல, அறுப்புக் களத்தில் நெல்லாகவே கிடைத்தது. தமிழகக் கிராமங்களில் கொல்லர், தச்சர் போன்றோருக்குக் களத்தில் அளந்த பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். இன்று விடுதலை என்ற பொருளில் வழங்கும் அதே சொல்! ஆனால் அந்த வாழ்க்கையில் விடுதலை அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தொழில் பிறப்போடு ஒட்டியிருந்தது, விளைச்சல் பொய்த்தால் கொல்லர் வீட்டிலும் அடுப்பு எரியாது. பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1966-ல் ஐ.ஆர்.8 வந்த பிறகு குட்டை நெல் ரகங்கள் பரவின. அம்பாசமுத்திரத்தின் அம்பை 16-ம், நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். ரகங்களும் நாஞ்சில் வயல்களை நிறைத்தன. நெல் கூடியது, தாள் குட்டையானது. டிராக்டர் வந்து உழவு மாடுகளும் குறைந்ததால், வீட்டுக்கு வீடு நின்ற வைக்கோல் படப்புகளும் சிறுத்தன.

பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. இதன் மூதாதை 1831-ல் அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் ஓட்டிக் காட்டிய குதிரை அறுப்பு வண்டி. அதன் கத்தியிலும் ரம்பம் போலப் பற்கள்தான் இருந்தன. இன்றைய இயந்திரத்தின் முன்புறத்திலும் வரிசையாக முக்கோணத் தகடுகள் இருக்கின்றன, பலவற்றின் ஓரத்தில் அதே கருக்கு. ஆனால் பழுது பார்ப்பதில்தான் பெரிய வேறுபாடு. இங்கே யாரும் பல் வெட்டுவதில்லை. தேய்ந்த தகட்டின் ரிவெட்டைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறார்கள், பழையது காயலான் கடைக்குப் போகிறது.

சிறு விவசாயிக்கு இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஆள் கிடைக்காத காலத்தில், மழைக்கு முன் ஒரே நாளில் அறுப்பு முடிவது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அரிவாள் அவர் வீட்டுக் கூரையில் செருகி இருந்தது. இயந்திரமோ மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. அது பழுதானால் பெல்ட்டும் பேரிங்கும் வரும்வரை கதிர் வயலிலேயே நிற்கும். ஈரம் மிகுந்த வயலில் அதன் சக்கரம் புதையும். வைக்கோலும் மிதிபட்டு நைந்து போகும், மாடு வைத்திருப்பவருக்கு அது தனி இழப்பு.

இயந்திரம் திரும்ப முடியாத வயல் மூலைகளையும் வரப்போரத்தையும் கையால்தான் அறுக்க வேண்டும். அந்த நாலைந்து கட்டுக் கதிருக்காகக் கூரையில் செருகிய அரிவாளை எடுக்கிறார்கள். அதற்குக் கருக்கு வெட்டத் தெரிந்தவர் பக்கத்து ஊரிலாவது இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.