சாயக்கழிவுநீர் நிலையமும் வேதிப்பொறியாளரும்: வேலை, தகுதி, சட்டம்

வேதிப்பொறியியல் படித்தால் எங்கே வேலை என்று கேட்கும் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகக் கிடைத்துவரும் பதில் மணலி. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதன் பக்கத்தில் எழுந்த உர, பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும்தான் இந்தப் படிப்பைப் பற்றிய பொதுப் பிம்பத்தை உருவாக்கின. ஆனால் சுத்திகரிப்பு ஆலை முதலீட்டைக் கேட்கும் அளவுக்கு ஆட்களைக் கேட்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்டுக்குச் சிலர் இருந்தாலே பெரிய பிளாண்ட் ஓடிவிடும். பொதுத்துறை நிறுவனங்கள் பல கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பொறியாளர்களை வடிகட்டுகின்றன; அந்த வாசல் குறுகலானது. அதை மட்டும் பார்த்துவிட்டு ‘கெமிக்கலுக்கு வேலை இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. இந்தத் துறையின் அறிவு அன்றாடம் தேவைப்படும் இடங்கள் ஆலையின் பின்பக்கத்தில், கழிவுநீர் வெளிவரும் முனையில் பெருகிவிட்டன. அந்த இடங்களுக்கு யார் தகுதியானவர் என்று நம் விதிகள்தான் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

கழிவுநீர் முனையில் வேலை பெருகியதற்குத் திருப்பூரே சான்று. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையையும் கீழ்ப்பகுதி வேளாண் நிலங்களையும் பாழாக்கியது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006இல் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. அதன்பின் மீண்டும் திறந்த ஒவ்வொரு நிலையமும் உண்மையில் ஒரு வேதிப்பொறியியல் ஆலை: உயிரியல் தொட்டி, ஆர்.ஓ. சவ்வுகள், இவாப்பரேட்டர், உப்பைப் படிகமாக்கும் கலம் என எல்லாம் அங்கே உண்டு.

அங்கே எடுக்கப்படும் ஒரு முடிவைக் கிட்டத்தில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் ஆர்.ஓ.வுக்குள் போகிறது என்று கொள்வோம். 85 சதவீதம் நல்ல நீராகத் திரும்பினால், மிஞ்சும் 15,000 லிட்டர் ரிஜெக்டில் ஏறக்குறைய மொத்த உப்பும், அதாவது 600 கிலோவும், தங்கிவிடும். லிட்டருக்கு 40 கிராம். இந்த ரிஜெக்டை ஒரே கலத்தில் ஆவியாக்க ஏறத்தாழ அதே எடைக்கு, 15 டன் நீராவி வேண்டும். நான்கு கலங்களை வரிசையாக இணைத்து, ஒன்றில் எழும் ஆவியால் அடுத்ததைச் சூடாக்கினால் நாலைந்து டன்னில் வேலை முடியும். ஆர்.ஓ. மீட்பை 90 சதவீதமாக உயர்த்திவிட்டால் ரிஜெக்ட் 10,000 லிட்டராகக் குறைந்து, நீராவிக்கான விறகுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். முதலாளிக்கு இது இனிக்கும். ஆனால் கால்சியமும் சிலிக்காவும் அப்போது ஏழு மடங்குக்குப் பதில் பத்து மடங்கு செறிவடைந்து சவ்வின்மேல் படியும். சில வாரங்களில் அழுத்தம் ஏறும், நீர்வரத்து குறையும், சவ்வை மாற்றும் செலவு மிச்சம் பிடித்த விறகுக் காசை விழுங்கிவிடும். எந்தச் சதவீதத்தில் நிறுத்துவது, முன்னதாக நீரின் கடினத்தன்மையை எவ்வளவு குறைப்பது, இவாப்பரேட்டர் குழாயில் உப்புப் படிவதை எந்த அறிகுறியில் கண்டுகொள்வது: பொருட்சமநிலை, வெப்பப் பரிமாற்றம், பொருட்பரிமாற்றம் என்று நான்காண்டுப் படிப்பில் கற்பிக்கப்படுபவை இவைதாம். தனித்தனிச் செயல்முறைகளின் கோவையாக ஆலையைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வேதிப்பொறியாளர் ஆர்தர் டி. லிட்டில் 1915இல் வலியுறுத்தியபோது சாயக்கழிவு அவர் மனத்தில் இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பார்வைக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது அரிது.

இந்த முடிவை எடுக்கும் நாற்காலியில் பல இடங்களில் இருப்பவர் பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரி, பட்டயப் படிப்பாளர், அல்லது ஐ.டி.ஐ.யில் கெமிக்கல் பிளாண்ட் ஆபரேட்டர் பயிற்சி முடித்தவர். அவர்கள் இல்லாமல் பிளாண்ட் ஓடாது. பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் ஆபரேட்டருக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. ஆனால் மேலே கண்ட கணக்கைப் போட்டு, அதற்குப் பொறுப்பேற்கும் பணி தனியானது. அதையும் அவர்கள் தலையிலேயே கட்டி, ஆபரேட்டர் சம்பளமே கொடுப்பது ஆபரேட்டருக்கும் பொறியாளருக்கும் அநீதி.

சந்தை தானாகவே இதைச் சரிசெய்துவிடும் என்று சொல்லலாம். தொழிலகப் பாதுகாப்புத் துறையின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 1984இல் போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. அதற்குப் பின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்ந்த அத்தியாயம், அபாயகரமான பொருள்களைக் கையாளும் இடத்தை மேற்பார்வையிடத் தகுதியும் அனுபவமும் உள்ளவரை நியமிக்கச் சொன்னது. பாதுகாப்பு அலுவலர் என்ற பணி வலுப்பட்டது. சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது போன்ற தொழிலகப் பாதுகாப்புப் பட்டயங்களுக்கு மதிப்பு ஏறியது. இன்று வேதிப்பொறியியல் பட்டத்தோடு அந்தப் பட்டயமும் கையில் இருந்தால் நேர்முகத்தில் நிலைமையே வேறு. சட்டம் ஒரு தகுதியைக் கேட்டபோது படிப்பும் பின்தொடர்ந்தது, பணியிடமும் பின்தொடர்ந்தது.

கழிவுநீருக்கும் அதே வழி பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயக்க இசைவு தரும்போது, பூஜ்யக் கழிவு நிலையத்துக்கு ஒரு பொறுப்புப் பொறியாளரைப் பெயர் குறித்து நியமிக்கும்படி நிபந்தனை விதிக்கலாம். வேதிப்பொறியியல் பட்டமோ, பட்டயத்தோடு குறிப்பிட்ட ஆண்டு பிளாண்ட் அனுபவமோ, இரண்டில் ஒன்று போதும் என்று வைத்தால் களத்தில் வளர்ந்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கும். கல்லூரிகள் தம் பங்குக்கு, இறுதியாண்டுத் திட்டப்பணியை மென்பொருள் உருவகத்தோடு முடிக்காமல், ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கிலிருந்து உப்புக் கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லலாம். 1944இல் சென்னையில் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப்பொறியியலோடு ஜவுளியும் தோலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன; மாநிலத்தின் தொழில்களோடு படிப்பை இணைப்பது நமக்குப் புதிதன்று.

சிறு பட்டறைக்காரர் இந்தச் சம்பளச் சுமையைத் தாங்குவாரா என்ற கேள்வி நியாயமானது. தனியாக நிலையம் வைத்திருப்பவருக்குச் சுமைதான். அவர்களுக்கு ஒரே பொறியாளர் இரண்டு மூன்று நிலையங்களுக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டை விதியிலேயே அனுமதிக்க வேண்டும். பொதுநிலையங்களில் பல பட்டறைகள் உறுப்பினர்களாக இருப்பதால், நீராவி, மின்சாரக் கட்டணத்தைப் போலவே இதையும் அனுப்பும் கழிவுநீரின் அளவுப்படி பங்கிட்டுக்கொள்ள முடியும்.