பிரம்பைக் கீழே வைத்த நாடு: ஸ்வீடன் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பின் மாற்றம், 1900–2024

1979ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஸ்வீடனில் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் தம் பிள்ளையை அடிக்கக் கூடாது, வேறு எவ்வகையிலும் இழிவுபடுத்தக் கூடாது என்றது அது. வீட்டுக்குள் பெற்றவர் கைக்கே தடை போட்ட முதல் நாடு ஸ்வீடன்தான். குழந்தை உரிமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த நாளிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். இக்கட்டுரை அதை ஒரு நீண்ட மாற்றத்தின் நடுப்பகுதியாகப் பார்க்கிறது. அடிக்காமல் பிள்ளை வளர்க்கப் பொறுமை மட்டும் போதாது; நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு ஊதியம் வேண்டும், கேட்டால் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். இம்மூன்றும் ஸ்வீடன் பெற்றோருக்குக் கிடைத்த காலமும் பிரம்பு மறைந்த காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று என்பதே என் வாதம்.

பழைய ஸ்வீடன் குடும்பத்தின் ஒழுங்கை லூத்தரன் திருச்சபை வகுத்திருந்தது. லூத்தரின் சிறு ஞானோபதேசத்தோடு சேர்த்து, ஒரு வீட்டில் யார் யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற பட்டியலும் மனப்பாடம் செய்விக்கப்பட்டது. பங்குக் குரு குடும்பங்களைக் கூட்டிவைத்து அதில் கேள்வி கேட்பார். அப்பட்டியலின் உச்சியில் வீட்டுத்தலைவர். அவருக்குக் கீழே மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள். கீழே இருப்பவரைத் தண்டித்துத் திருத்துவது தலைவரின் உரிமை மட்டுமல்ல, சமயக் கடமையும்கூட. அந்த உரிமை ஒரே நாளில் போய்விடவில்லை. மனைவியை அடிக்கும் உரிமை 1864ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தோடு போயிற்று. வேலையாட்களை அடிக்கும் உரிமை 1858இல் இளவயதினர் அளவுக்குச் சுருங்கி, 1920இல் முற்றாக நீங்கியது. அந்த வீட்டில் சட்டப்படி அடிபடக்கூடியவராகக் கடைசியில் எஞ்சியது பிள்ளை ஒன்றுதான். 1979ஐ இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் துலங்கும்.

கருத்துலகில் முதல் குரல் எல்லன் கே என்ற எழுத்தாளருடையது. 1900இல் வெளிவந்த ‘குழந்தையின் நூற்றாண்டு’ என்ற நூலில் அவர் அடியை வெளிப்படையாக எதிர்த்தார். நூல் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. ஆனால் படித்தவர்கள் படித்த வீட்டார். உழவர் வீட்டுக்கும் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும் புதிய கருத்துகளைக் கொண்டுபோனது வேறொரு வழி. பிறப்பு விகிதம் சரிந்து நாடு கவலைப்பட்டிருந்த 1934இல், சமூக அறிவியலாளர்களான ஆல்வா மிர்தாலும் அவர் கணவர் குன்னார் மிர்தாலும் மக்கள்தொகை நெருக்கடி பற்றி ஒரு நூல் எழுதினார்கள். பிள்ளை வளர்க்கும் சுமையில் சமுதாயமும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் சாரம். 1937இல் தாய்சேய் நலச் சேவையை இலவசமாக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் வந்த தாய், அங்கிருந்த செவிலியரிடம் தூக்கம், அழுகை, அடம் பற்றியும் கேட்கத் தொடங்கினாள். பிள்ளை வளர்ப்பு வரலாற்றை எழுதுவோர் அறிஞர்களின் பெயர்களையே அடுக்குகிறார்கள். என் மதிப்பீட்டில், இந்தச் செவிலியர்களின் பங்கு அவர்களுடையதைவிடப் பெரிது.

சட்டமும் படிப்படியாகவே நகர்ந்தது. 1928இல் மேல்நிலைப் பள்ளிகளில் அடி தடை செய்யப்பட்டது. 1949இல் வந்த பெற்றோர் சட்டம் ‘தண்டித்தல்’ இருந்த இடத்தில் ‘கண்டித்தல்’ என்று மென்மையாக்கியது. பிள்ளைக்குச் சிறு காயம் உண்டாக்கிய பெற்றோருக்குக் குற்றவியல் சட்டம் தந்திருந்த விலக்கு 1957இல் நீங்கியது. அடுத்த ஆண்டு தொடக்கப் பள்ளிகளிலும் பிரம்பு போயிற்று. 1966இல் பெற்றோரின் கண்டிப்புரிமை பற்றிய வரியையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் சட்டம் அடிக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேயே மக்கள் மனம் மாறிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்ப்பில் அடி தேவை என்று 1965இல் 53 விழுக்காட்டினர் கருதினர். 1971இல் அது 35 ஆகக் குறைந்தது. தடைக்கு முன்பே நேர்ந்த சரிவு இது.

இந்த மௌனத்தைக் கலைத்தவை இரண்டு துயரங்கள். 1971இல் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மாற்றாந்தந்தையின் அடியால் இறந்தாள். அந்தக் கொதிப்பில், சிறுவர் எழுத்தாளர் குன்னல் லிந்தே முன்னின்று, பிரிஸ் என்ற குழந்தை உரிமை அமைப்பு உருவானது. 1975இல் தன் மூன்று வயது மகளை அடித்த ஒரு தந்தையை நீதிமன்றம் விடுவித்தது. தண்டிக்கும் உரிமையின் எல்லையை அவர் மீறியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது காரணம். சட்டத்திலிருந்து எடுத்துவிட்ட உரிமை நீதிபதிகளின் மனத்தில் அப்படியே இருந்தது! 1977இல் குழந்தையின் உரிமைகளை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1978 அக்டோபரில் ஸ்வீடனின் சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் ஜெர்மானியப் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசைப் பெற பிராங்க்ஃபர்ட்டுக்குப் போனார். அதற்கு முன் ஏற்பாட்டாளர்கள் உரையைப் படிக்காமல் பரிசை மட்டும் பெற்றுக்கொள்ளச் சொன்னபோது, பேச விடாவிட்டால் வரமாட்டேன் என்றார். உலக அமைதியைப் பற்றிப் பேச வந்தவர், அது வீட்டில் பிள்ளைமேல் ஓங்கும் கையை இறக்குவதில் தொடங்குகிறது என்றார். அடுத்த மார்ச்சில் ஸ்வீடன் நாடாளுமன்றம் 259க்கு 6 என்ற வாக்குகளில் தடையை நிறைவேற்றியது.

இச்சட்டத்தில் தண்டனைப் பிரிவே இல்லை. கடுமையான அடிக்குக் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே இருந்தது. புதிய வரியின் நோக்கம் பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது அன்று. நீதித்துறை அமைச்சகம் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு கையேட்டை அனுப்பியது. குடியேறியவர்களுக்காக அது பல மொழிகளிலும் அச்சானது. இரண்டு மாத காலம் பால் பெட்டிகளின் மேல் செய்தி அச்சிடப்பட்டது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். காலைச் சாப்பாட்டு மேசையில் தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரே பெட்டியைப் பார்க்கிறார்கள். தன்னை அடிக்கக் கூடாது என்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை தானே படித்துக்கொள்கிறது.

‘அடியாத மாடு படியாது’ என்ற நம் பழமொழிக்கு இணையான நம்பிக்கை அங்கும் ஆழமாக இருந்தது. விவிலியத்தின் நீதிமொழிகள் நூலை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். அந்த நம்பிக்கை எப்படித் தளர்ந்தது? விடையைத் தேட வேண்டிய இடம் காப்பீட்டுச் சட்டம் என்பேன். 1971இல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள். 1974இல் மகப்பேறு விடுப்பை எடுத்துவிட்டு, தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் காப்பீட்டை ஸ்வீடன் கொண்டுவந்தது. 180 நாட்கள், ஊதியத்தில் 90 விழுக்காடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கவும் ஊதியத்தோடு விடுப்பு கிடைத்தது. 1979இல், அதாவது அடித்தடை வந்த அதே ஆண்டில், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெற்றோர் வேலை நேரத்தை ஆறு மணியாகக் குறைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றனர். குறைந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றாலும் வேலை பறிபோகாது.

அன்றாட வாழ்க்கையில் இவற்றின் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் தாய் பகலெல்லாம் தனியே மல்லாடினாள். ‘அப்பா வரட்டும்’ என்ற அச்சுறுத்தல் அவளுடைய ஆயுதம். மாலையில் களைத்து வந்த தந்தை நடந்தது என்னவென்று அறியாமலே தீர்ப்பு வழங்கினார். பால் புகட்டி, அணையாடை மாற்றி, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தந்தையால் அந்த நீதிபதியாக இருக்க முடிவதில்லை. அந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது, எப்போது அடம்பிடிக்கும் என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு சட்டங்களின் ஆண்டுகளும் அதற்கு இடம் தருகின்றன.

ஊகத்துக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். 1974இல் தந்தையர் எடுத்த விடுப்பு மொத்த நாட்களில் அரை விழுக்காடுதான். உடல் வலிமைக்குப் பேர்போன பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரேன் கையில் குழந்தையோடு சிரிக்கும் சுவரொட்டியை அரசு ஒட்டியும் எண்ணிக்கை மெதுவாகவே ஏறியது. 1995இல் ஒரு மாதம் தந்தைக்கென ஒதுக்கப்பட்டது; அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும். 2002இல் அது இரண்டு மாதமாகவும் 2016இல் மூன்று மாதமாகவும் ஆனது. இன்று தந்தையர் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. எனவே 1979இல் தந்தையர் ஏற்கெனவே மாறியிருந்தனர் என்று சொல்ல இயலாது. தடையை முதலில் தாங்கி நின்றவர்கள் தாய்மாரும் செவிலியரும் பகல்நேரக் காப்பகப் பணியாளருமே. தந்தையர் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஒரு சிறு திருச்சபையைச் சேர்ந்த பெற்றோர், தங்கள் சமய உரிமை பறிபோயிற்று என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டனர்; 1982இல் அது தள்ளுபடியானது. தடை வெற்றி பெற்றது என்று கனடா ஆய்வாளர் ஜோன் டுரன்ட் எழுத, பதிவான சிறுவர் வன்முறை வழக்குகள் கூடியதைக் காட்டி அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் லார்செலேர் மறுத்தார். முன்பு எவரும் புகார் செய்யாதவை பிறகு புகாராயின என்பதையும் கணக்கில் கொண்டால் டுரன்டின் வாசிப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது. 2013இல் மனநல மருத்துவர் டேவிட் எபர்ஹார்ட், பிள்ளைகள் வீட்டின் அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று ஒரு நூலே எழுதினார். எல்லை வகுக்கத் தயங்கும் பெற்றோர் பற்றிய அவர் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவ்வளவு கடுமையான விமர்சகரும் அடியை மீட்டுக்கொண்டுவரக் கேட்கவில்லை.

இன்று ஒரு பிள்ளைக்கு 480 விடுப்பு நாட்கள். 2024 ஜூலை 1 முதல் பெற்றோர் ஒவ்வொருவரும் அவற்றில் 45 நாட்கள்வரை தாத்தா, பாட்டி, நண்பர் என வேறொருவருக்கு மாற்றித் தரலாம். தனித்து வளர்ப்பவர் 90 நாட்கள்வரை தரலாம். முன்பு தாயும் தந்தையும் மட்டுமே கோர முடிந்த உதவித்தொகையை இனி பேரப்பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பாட்டியும் தன் பெயரிலேயே பெறலாம்.