ஆறாம் படிக்கு அப்பால்: பாறையேற்றத்தில் கடினத்தை எண்ணிய கதை

நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் வடகிழக்கே, நெய்யாறு பிறக்கும் மலைத்தொகுதியின் தலையில் நிற்பது அகத்தியர்கூடம். உயரம் 1868 மீட்டர். ஏற்றத்தின் கடைசிக் கட்டம் வெறும் பாறை. கட்டிவிடப்பட்டிருக்கும் கயிற்றைப் பற்றியே மேலே செல்ல வேண்டும். அந்த ஏற்றம் எவ்வளவு கடினமானது என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. திருவிதாங்கூர் அரசின் வானாய்வு நிலையத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன், புவிக்காந்த அளவீடுகளுக்காக 1855இல் இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவருக்குக் கடினம் என்பது கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் காடு கடத்தி மேலேற்றுவது. பெண்களுக்கோ 2018 வரை கடினம் அடிவாரத்திலேயே முடிந்துவிட்டது, அனுமதியே இல்லை. அவ்வாண்டு நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார். மலையைப் புனிதமாகக் கருதும் காணிக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் வழியை மறிக்கவில்லை. இவ்வளவிலும் பாறை மாறவில்லை.

சுமை, சட்டம், மழை, அச்சம் ஆகிய எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாறைக்கே உரிய கடினத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒரு சொல்லிலோ எண்ணிலோ வைக்க முடியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மலையேறிகள் இந்த முயற்சியில் இறங்கினர். இன்று ‘கிரேடு’ என்று வழங்கும் கடினப் படிநிலை அதன் விளைவே. இதன் வரலாற்றைப் பொதுவாக உடல்வலிமையின் வரலாறாகவே எழுதுகிறார்கள். ஆனால் அது மொழியின் வரலாறும்கூட. ஒவ்வொரு முறையும் முதலில் உடைந்தது அளவுகோலின் கடைசிச் சொல்தான்.

வியன்னாவை அடுத்த ராக்ஸ் மலைக்கு 1894இல் ஃப்ரிட்ஸ் பெனெஷ் ஓர் அளவுகோல் வகுத்தார். மொத்தம் ஏழு படிகள். ஏழு எளிது, ஒன்று மிகக் கடினம். முதலிடம் என்றால் ஒன்று என்ற பழக்கம் அவரை அப்படி எண்ண வைத்திருக்கலாம். விரைவிலேயே ஒன்றையும் விஞ்சிய வழிகள் ஏறப்பட்டன. ஒன்றுக்கு முன்னால் எண் ஏது? பூச்சியம் சேர்த்தார்கள். அதுவும் போதாமல் இரட்டைப் பூச்சியம் சேர்த்தார்கள். தொடக்கத்தையே முடிவாக வைத்துவிட்ட வரிசை வேறெப்படி வளர முடியும்?

இங்கிலாந்தில் எண்ணுக்குப் பதில் அடைமொழிகளே ஆண்டன. ஓவன் கிளின் ஜோன்ஸ் 1897இல் வெளியிட்ட ஏரி மாவட்டப் பாறையேற்ற நூலில் நான்கே வகைகள்: எளிது, மிதம், கடினம், விதிவிலக்கான கடுமை. பிறகு ‘மிகக் கடினம்’, ‘கடுமை’, ‘மிகக் கடுமை’, ‘அதிதீவிரக் கடுமை’ என்று அடைகள் பெருகின. இதன் விளைவு வேடிக்கையானது. அங்கு இன்று ‘கடினம்’ என்று குறிக்கப்படும் வழி, புதிதாகப் பழகுவோர் ஏறும் எளிய வழி. சொற்பொருள் தேய்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைப்பது அரிது. கடைசியில் 1970களில் ‘அதிதீவிரம்’ என்ற சொல்லையே ‘ஈ1’, ‘ஈ2’ என்று எண்ணிட்டு நீட்ட வேண்டியதாயிற்று.

பெனெஷின் தலைகீழ் வரிசையை 1920களில் திருப்பி வைத்தவர் மியூனிக்கைச் சேர்ந்த வில்லோ வெல்சன்பாக். பின்னாளில் 1934இல் நங்க பர்வதத்தில் உயிரிழந்தவர் இவரே. ஒன்று எளிது, ஆறு உச்சம் என்பது இவர் பெயரால் வழங்கும் அளவுகோல். வரிசை இப்போது மேல்நோக்கி எண்ணியது. எனவே ஏழு, எட்டு என்று நீள்வதற்கு எண்ணளவில் எந்தத் தடையும் இல்லை. தடை ஆறின் விளக்கத்தில் இருந்தது. 1925இல் எமில் சோலெடரும் குஸ்டாவ் லெட்டன்பவரும் ஏறிய சிவெட்டா மலையின் வடமேற்கு முகம் ஆறாம் படிக்கு உரைகல்லாயிற்று. மனித ஆற்றலின் எல்லையே ஆறாம் படி என்ற எண்ணம் வேரூன்றியது. எல்லை என்று பெயரிட்ட பிறகு அதற்கு அப்பால் ஒரு படி இருக்க முடியாது. புதிதாக எது ஏறப்பட்டாலும் அது ஆறுக்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

இங்கே தமிழை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். தமிழில் உச்சத்தைக் காட்டத் தனி விகுதி இல்லை. ‘எல்லாவற்றிலும் கடினம்’ என்றே சொல்ல இயலும். எந்த ‘எல்லாம்’ என்ற கேள்வி உடனே எழுந்து நிற்கும். ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களாக நன்னூல் ஒப்பையும் எல்லையையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஒரே உருபு இரண்டு வேலையையும் செய்கிறது. எது ஒப்பு, எது எல்லை என்பதைத் தொடரே முடிவு செய்கிறது. ஆல்ப்ஸ் மலையேறிகள் ஒப்பாகத் தொடங்கிய எண்ணை எல்லையாகப் படித்துவிட்டார்கள்.

இதன் விலையை 1968 காட்டுகிறது. அவ்வாண்டு வெல்சன்பாக்கின் அளவுகோல், உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் பெயரைப் பெற்று, ஆறு படிகளோடேயே நிலைபெற்றது. அதே ஆண்டில் ரைன்ஹோல்ட் மெஸ்னர், தம்பி குந்தருடன் டோலமைட் மலைகளில் ஹைலிக்குரொய்ஸ்கோஃபெல் நடுத்தூணை ஏறினார். அது ஏழுக்கும் மேற்பட்டது என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ஏறியபோது அதைக் குறிக்க எண் இல்லை. மெஸ்னர் 1973இல் ‘ஏழாம் படி’ என்றே தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அளவுகோலைத் திறந்துவிடாதவரை ஏற்றமும் வளராது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

வாதம் பாதியே உண்மை. சொல் மட்டும் யாரையும் பாறையில் தூக்கிவிடாது. மூடிய அளவுகோலுக்குத் துணையாக இன்னொன்று இருந்தது: இரும்பு ஆணி. பிடிப்பில்லாத இடத்தில் ஆணி அறைந்து, அதில் தொங்கி மேலே செல்லலாம் என்றால், அந்த இடத்தின் கடினத்தை எவரும் எதிர்கொள்ளத் தேவையில்லை; அதற்குப் பெயர் வைக்கவும் தேவையில்லை. ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் நிலைமை வேறு. ரூடோல்ஃப் ஃபேர்மன் 1913இல் வகுத்த விதிகள், கயிறும் வளையமும் பாதுகாப்புக்கு மட்டுமே, உடலை உயர்த்துவதற்கல்ல என்று வரையறுத்தன. அங்கே பிற இடங்களைவிடப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே கடின ஏற்றங்கள் நிகழ்ந்தன. இதுவே மெஸ்னரை ஓரளவு மறுக்கவும் செய்கிறது: திறந்த அளவுகோலைக் காட்டிலும் கறாரான விதியே அங்கு உடலைப் பயிற்றியது.

கதவு 1977இல் திறந்தது. டிரோலில் உள்ள வில்டர் கைசர் மலையில் ஹெல்முட் கீனெயும் ரைன்ஹார்ட் கார்லும் ‘பும்ப்ரிசெ’ என்ற பிளவு வழியை ஆணியில் தொங்காமல் ஏறி, ஏழாம் படி என்று துணிந்து அறிவித்தனர். 1979இல் யு.ஐ.ஏ.ஏ. தன் அளவுகோலை மேலே முடிவற்றதாக்கியது. அதன்பின் நிகழ்ந்த வேகம் வியப்பூட்டுவது. 1991இல் வோல்ஃப்காங் கியுலிச், ஃபிராங்கன்யூரா பகுதியில் ‘ஆக்‌ஷன் டைரக்ட்’ வழிக்குப் பதினொன்றாம் படி தந்தார். ஐம்பது ஆண்டுகளாக ஆறில் நின்றது, பதினான்கு ஆண்டுகளில் ஐந்து படிகள் தாவியது. அந்த வழிக்காகவே அவர் விரல்நுனியில் தொங்கித் தாவும் மரச்சட்டப் பயிற்சியை வளர்த்தெடுத்தார். இன்று உலகின் ஏற்றக்கூடங்களில் அது வழக்கமான காட்சி.

அமெரிக்காவில் தடுக்கியது எண்கணிதம். கலிபோர்னியாவின் தாக்விட்ஸ் பாறையில் 1950களில் ஐந்தாம் வகுப்பைப் பதின்ம முறையில் 5.0 முதல் 5.9 வரை பிரித்தனர். 1952இல் ராயல் ராபின்ஸ் ஏறிய ‘ஓப்பன் புக்’ 5.9க்கு அடையாளமாயிற்று. அடுத்தது? பதின்மத்தில் 5.9க்கு அடுத்தது 6.0. ஆனால் ஆறாம் வகுப்பு ஏற்கெனவே ஆணியில் தொங்கி ஏறும் முறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே ‘ஐந்து புள்ளி பத்து’ என்ற, கணக்கு ஆசிரியர் பொறுக்காத எண் பிறந்தது. புள்ளி பதின்மப்புள்ளி என்பதை மறந்து வெறும் பிரிப்புக்குறியானது. 2017இல் நார்வேயில் ஆடம் ஒண்ட்ரா ஏறிய ‘சைலன்ஸ்’, இம்முறையில் 5.15டி, பிரெஞ்சு முறையில் 9சி.

இவர்களிலெல்லாம் நுட்பமானவர் கணிதப் பேராசிரியர் ஜான் கில். குறும்பாறை ஏற்றத்துக்கு அவர் வைத்தவை மூன்றே படிகள். மூன்றாவதன் இலக்கணம், ஒரே ஒருவர் மட்டும் ஏறியது என்பது. இன்னொருவர் ஏறிவிட்டால் அது தானே கீழிறங்கிவிடும். ‘இன்று’ என்ற சொல்லைப் போல, பொருள் நகர்ந்துகொண்டே இருக்கச் சொல் மட்டும் நிலைக்கும் ஏற்பாடு. அளவுகோல் ஒருபோதும் உடையாது. ஆனால் சென்ற ஆண்டின் ஏற்றத்தையும் இந்த ஆண்டின் ஏற்றத்தையும் அதைக்கொண்டு ஒப்பிட முடியாது. ஏற்றக்காரர்கள் அதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

எண் யாருடைய உடலை அளக்கிறது என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. படிநிலை என்பது ஏறியவர்களின் ஒருமித்த கருத்து. நெடுங்காலம் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிரான்ஸின் சிமாயில் உள்ள ‘மாஸ் கிரிட்டீக்’, 8பி+, பெண்ணால் ஆகாதது என்று அதை முதலில் ஏறிய ஆடவர் கருதினார். 1990இல் லின் ஹில் அதை ஏறினார். மூன்றாண்டுகளுக்குப் பின், யோசெமிட்டியின் எல் கேப்பிட்டனில் ‘நோஸ்’ வழியை, மேலே உயர்வதற்குக் கருவிகளின் உதவியை நாடாமல் முழுதும் ஏறிய முதல் மனிதர் ஆனார். அதற்குமுன் முயன்ற வல்லுநர்களால் முடிந்திருக்கவில்லை. மறுமுறை 1994இல் அதையே ஒரு நாளுக்குள் முடித்தார். அவர் விரல்கள் சிறியவை, அதனால்தான் அந்தப் பிளவுகள் இடங்கொடுத்தன என்று சிலர் குறைத்துப் பேசினர். நெடிய கையால் எட்டிய ஏற்றங்களின் எண்ணில் அப்படி எவரும் கழிவு கேட்டதில்லை. தொடக்கத்தில் அவ்வழியின் கடினப் பகுதிகளுக்குக் குறிக்கப்பட்ட எண், பிறர் முயன்று தோற்றபின் உயர்ந்தது. இன்று வழங்குவது 5.14ஏ.