பனை நாரும் பெண்கள் கையும்



வேம்பார்னு சொன்னா கடலும் கருப்பட்டியும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். முத்துக்குளித்துறையின் ஏழு பழைய கடற்கரை ஊர்களில் நம்ம ஊரும் ஒன்று. ஆனா இதே பனை கொடுத்த இன்னொரு செல்வத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அதுதான் நார்.

பனையில் கிடைப்பது ஒரே நார் இல்லை. மட்டையின் மேல்தோலைக் கிழித்தெடுப்பது ஒரு வகை. கட்டில் பின்னவும், பெட்டி முடையவும், பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாருக்கும் இதுதான். மரத்தைத் தழுவியிருக்கும் அடிமட்டையில் கிடைப்பது தும்பு. ஊறவைத்து, கொட்டாப்புளியால் அடித்து, ஆணிச் சீப்பில் சீவினால் விறைப்பான இழை வரும். பதநீர் வடிகட்டின பன்னாடையும் பனையின் நார்வலைதான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தத் தும்பு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே பிரஷ், துடைப்பம் செய்தார்கள். தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் மக்காது, வளைந்தாலும் நிமிரும் என்பதால் அதற்கு மதிப்பு. அடித்ததும், சீவியதும், நீளம் பார்த்துத் தரம் பிரித்ததும் பெரும்பாலும் பெண்கள். விலை சொன்னது வியாபாரி. நமக்குக் கிடைத்தது கூலி.

பிறகு நைலான் வந்தது. வலையும் கயிறும் மாறின, கட்டிலுக்குப் பிளாஸ்டிக் வயர் வந்தது. செங்கல் சூளைக்குப் பனைகள் சாய்ந்தன. 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட, கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல்தான் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், ஓலைப்பெட்டியையும் கொட்டானையும் மறுபடி தேடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு மூணு பாடம் இருக்கு. முதலாவது, தரம் பிரிக்கத் தெரிஞ்ச கைக்கு விலை பேசவும் உரிமை உண்டு. தனியா நின்னா வியாபாரி சொன்னதுதான் விலை. ஒரு குழுவா சேர்ந்து, தரம் பிரிச்சு, மொத்தமா வித்தா நாமும் விலை சொல்லலாம். இரண்டாவது, இளம் வடலியின் மட்டையை ஒட்ட அறுத்தா மரம் நலிஞ்சு போகும். அளவோட எடுத்தா வருஷா வருஷம் தரும். மூணாவது, பனை வளர்ந்து பலன் தரப் பல வருஷம் ஆகும். இன்னைக்கு விதைக்கிறது நம்ம பேத்திகளுக்கு.

மழைக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் கொஞ்சம் பனங்கொட்டை ஊன்றுவோம். மரம் நின்னாத்தான் நாரும் நிக்கும், நம்ம தொழிலும் நிக்கும்.