அந்தமான் சைக்கிள் வீரர்களும் காலம் கடந்த ஒப்பீடும்

வெவ்வேறு காலத்து வீரர்களில் யார் பெரியவர் என்ற வாதம் எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. அமெரிக்கர்கள் பேஸ்பாலை வைத்து நூறாண்டுகளாக இதைப் பேசுகிறார்கள்; நம் டீக்கடைகளில் கவாஸ்கரா, சச்சினா, கோலியா என்று அது நடக்கும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் கேள்வி டிராக் சைக்கிள் பந்தயத்தைச் சுற்றி எழுகிறது. இந்தியாவின் வேகமான சைக்கிள் வீரர்களில் சிலரை இத்தீவுகள்தான் அடுத்தடுத்துத் தந்திருக்கின்றன.

முதலில் பெயர் பெற்றவர் டெபோரா ஹெரால்டு. 1995இல் பிறந்த இவர், 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். அப்போது வயது ஒன்பது. 2015இல் 500 மீட்டர் டைம் ட்ரயலின் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்தை எட்டினார். அடுத்து வந்தவர் 2001இல் பிறந்த எசோ ஆல்பன். துடுப்புப் படகிலிருந்து சைக்கிளுக்கு மாறிய இவர், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் நடந்த அதே சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ சிங் உள்ளிட்ட மணிப்பூர் வீரர்களோடு சேர்ந்து டீம் ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கினார். அதே தீவுகளைச் சேர்ந்த டேவிட் பெக்காம் எல்காடோசூங்கோ 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியில் இடம்பிடித்தார்.

இவர்களில் யார் சிறந்தவர்? டைம் ட்ரயல் என்றால் எதிராளி கடிகாரம் மட்டுமே. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, 250 மீட்டர் தளத்தை இரண்டு முறை தனியாகச் சுற்ற வேண்டும். கெய்ரின் வேறு மாதிரி. டெர்னி என்ற சிறிய மோட்டார் வண்டி முன்னே போகும். வீரர்கள் அதைத் தாண்டாமல் முண்டியடித்துப் பின்தொடர்வார்கள். வண்டியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும் அது விலகிக்கொள்ளும். மிச்சச் சுற்றுகளில் முந்துபவருக்கு வெற்றி. அங்கே எடுத்த நேரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சரி, கடிகாரத்தையாவது நம்பலாமா? ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனையின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. 1972இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், காற்று மெலிந்த மெக்சிகோ நகரின் உயரத்துக்குப் போய் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1996இல் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மன், கைகளை முன்னால் நீட்டிப் படுத்தாற்போன்ற நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தில் மனிதனின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு? சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதியை மாற்றி, மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற சாதாரண சைக்கிளையே கட்டாயமாக்கியது. 2000இல் அதே போர்ட்மன் அந்த வண்டியில் ஏறினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர்: மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம்! விளையாட்டு வரலாற்றில் இரண்டு தலைமுறைகளை இவ்வளவு நேர்மையாக அருகருகே நிறுத்திய சோதனை வேறில்லை என்றே சொல்லலாம். 2014இல் நவீன சைக்கிள்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

இந்தியாவிலும் தலைமுறைகளைப் பிரிக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் கட்டப்பட்ட யமுனா வெலோட்ரோம் திறந்தவெளிக் கான்கிரீட் தளம். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே கூரையுள்ள மரத்தளம் வந்தது. வெயில், காற்று, சொரசொரப்பு எல்லாம் ஒரே நாளில் கணக்கிலிருந்து விலகின. டெபோராவும் எசோவும் மரத்தளத் தலைமுறை. அவர்களுக்கு முந்தைய இந்திய வீரர்களின் நேரங்களை இவர்களுடையதோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

பேஸ்பால் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வீரரின் ஆட்டத்தை அவர் காலத்துச் சராசரியோடு வைத்துப் பார்ப்பது. சராசரியை 100 என்று கொள்வது. 1920இல் பேப் ரூத் என்ற வீரர் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) 54. அவருடைய அணியை விட்டால், மற்ற 15 அணிகளில் ஒன்று மட்டுமே மொத்தமாக அதைவிட அதிகம் அடித்திருந்தது. அவர் பெருமை அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பின வீரர்களுக்கு அமெரிக்காவின் முதன்மை லீக்குகளில் இடமே இல்லை; 1947இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகே கதவு திறந்தது. கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகளை 2024இல் சேர்த்தபோது, அங்கே ஆடிய ஜோஷ் கிப்சன் 0.372 பேட்டிங் சராசரியுடன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முன்னே வந்தார். யாரோடு போட்டியிட்டார் என்பதோடு, யார் போட்டியிடவே விடப்படவில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

இந்த அளவுகோலில் எசோவின் ஐகிள் வெள்ளி உறுதியான சான்று. அது தன் வயதுக்காரர்களோடு அதே தளத்தில் மோதி வென்றது. தரவரிசை என்பது பல பந்தயங்களில் சேரும் புள்ளிகளின் கணக்கு. ஆனாலும் டெபோரா எட்டியது சீனியர் பெண்களுக்கான இடம், அதுவும் தீவிலிருந்து முன்னே போனவர் யாரும் அவ்வளவாக இல்லாத காலத்தில். இந்த இரண்டில் டெபோராவின் சாதனைக்கே எடை அதிகம்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பெண்களுக்கான 500 மீட்டர் டைம் ட்ரயல் 1995இல் உலக சாம்பியன்ஷிப்பில் நுழைந்தது. 2025இல் சீனியர் பெண்களுக்கு அது 1,000 மீட்டராக நீண்டுவிட்டது. இனி சீனியர் பிரிவுக்கு வரும் தீவுப் பெண்ணை டெபோராவோடு ஒப்பிட, அவருடைய முதல் 500 மீட்டர் நேரத்தைத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அதுவும் பின்பாதிக்காகச் சக்தியை மிச்சம் பிடித்து ஓட்டிய நேரமாக இருக்கும்.