மறுபடி அளக்க முடிகிற இடம்

பாரிஸ் காவல் துறையில் 1879-ல் எழுத்தராகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்தியோன், உடல் அளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையால் உலகப் புகழ் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவுகோலைக் கொலை நடந்த அறைகளுக்கும் கொண்டுபோனார். உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, தரையில் கிடந்த உடலை நேர்மேலிருந்து படம் பிடித்தார். லென்ஸின் குவியத்தூரமும் அது நின்ற உயரமும் தெரியும் என்பதால், ஓரங்களில் அளவு அச்சிட்ட அட்டையில் படத்தை ஒட்டிவிட்டால், உடலுக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பிறகும் கணக்கிடலாம். இன்று அதே வேலையை லேசர் ஸ்கேனர் செய்கிறது. ஒளியை அனுப்பி, அது திரும்புவதைக் கொண்டு தூரம் அறிந்து, சில நிமிடங்களில் பல லட்சம் புள்ளிகளாக அறையைப் பதிவு செய்கிறது. இயந்திரத்துக்குப் பாரபட்சம் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு. வரலாறு அதை ஆதரிக்கவில்லை. அளவின் மதிப்பு, அதை வேறொருவர் மறுபடி அளந்து பார்க்க முடிவதில்தான் இருக்கிறது.

இதற்குச் சான்று பெர்தியோனின் வாழ்விலேயே உண்டு. 1894-ல், உளவுக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸின் வழக்கில், கையொப்பமில்லாத ஒரு கடிதம் அவர் எழுதியதே என்று பெர்தியோன் சாட்சி சொன்னார். கையெழுத்து ஒத்துப்போகாத இடங்களையும், டிரைஃபஸ் வேண்டுமென்றே மாற்றி எழுதியதற்கு அடையாளமாகக் காட்டினார். டிரைஃபஸ் தீவுச் சிறைக்குப் போனார். டிரைஃபஸ் தீவுச் சிறைக்குப் போனார். 1904-ல் தார்பூ, அப்பெல், புவான்காரே என்ற மூன்று கணித மேதைகள் உச்ச நீதிமன்றத்துக்காக அந்த அளவுகளை ஆராய்ந்தார்கள். பெர்தியோன் மறுவுருவாக்கிய படமே பிழையானது, அவருடைய நிகழ்தகவு வாதத்துக்கு அடிப்படை இல்லை என்று அறிக்கை தந்தார்கள். 1906-ல் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பானது. மூலக் கடிதம் பத்திரமாக இருந்ததால்தான் இந்த மறுஅளவு சாத்தியமாயிற்று.

மறுபடி அளக்க முடியுமா என்ற கேள்வி நம் நாட்டுப் புலன்விசாரணைக்கும் பொருந்தும். ஆஸ்திரிய நீதிபதி ஹான்ஸ் கிராஸ் 1893-ல் எழுதிய புலன்விசாரணைக் கையேட்டை, இந்தியாவுக்கு ஏற்றபடி இரண்டு வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் ஆக்கி, 1906-ல் சென்னையில் வெளியிட்டார்கள். சம்பவ இடத்தை வரைவது எப்படி என்றும் அது கற்பித்தது. இன்றும் நம் கொலை வழக்குகளில், சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் வரைபடத்தில் இருப்பது, வரைந்த அதிகாரி அன்று முக்கியம் என்று நினைத்தது மட்டுமே. ஜன்னலின் உயரத்தை அவர் குறிக்காவிட்டால், சாட்சி அதன் வழியே பார்த்திருக்க முடியுமா என்று இரண்டாண்டு கழித்துக் கேட்பவருக்கு விடை கிடைக்காது. ஸ்கேன் அந்தக் கேள்விக்கு இடம் வைத்திருக்கிறது.

ஸ்கேனரும் தேர்ந்தெடுக்கத்தானே செய்கிறது என்று மறுக்கலாம். உண்மைதான். பீரோவின் பின்பக்கம் அதற்குத் தெரியாது. கண்ணாடி அதை ஏமாற்றும். அது வருவதற்குள் பலர் அறையில் நடந்திருப்பார்கள். இதைவிடக் கனமான மறுப்பு, ஸ்கேனிலிருந்து கணினியில் உருவாக்கும் அழகான முப்பரிமாண மாதிரி நீதிபதியை மயக்கிவிடும் என்பது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமை ஜெர்மனியின் பவேரிய காவல் துறை லேசரால் அளந்து, அழிந்துபோன கட்டடங்களைப் பழைய வரைபடங்களிலிருந்து சேர்த்து உருவாக்கிய மாதிரி, 2016-ல் அந்நாட்டின் டெட்மோல்டில், அம்முகாமின் முன்னாள் காவலர் ஒருவரின் வழக்கில் பயன்பட்டது. காவல் கோபுரத்திலிருந்து எவை தெரிந்திருக்கும் என்று காட்ட அது உதவியது. அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அத்தகைய மாதிரியில் அளந்த சுவரும் ஊகித்த சுவரும் ஒரே திரையில் நிற்கின்றன. எது எது என்று பிரித்துக் காட்டுவது அளந்தவரின் கடமை.

இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்லவேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. இனி ஸ்கேனர்களும் பெருகும். அப்போது எதிரித் தரப்புக்கு அச்சிட்ட படங்கள் மட்டும் போதா. மூலப் புள்ளிகள், கருவி நின்ற இடங்கள், அளவு சரிபார்த்த பதிவு ஆகியவையும், அவற்றைத் திறந்து பார்க்க ஒரு வல்லுநரும், ஏழை எதிரிக்கு அரசுச் செலவிலேயே கிடைக்கவேண்டும்.